விமான நிலையத்தில் மலிவு வாடகைக் கார்: நம்பி எடுக்கலாமா?

கேள்வி: வரும் விடுமுறைக்கு முதல்முறையாகக் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போகிறோம். நான், கணவர், 7 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள், என் மாமியார் என்று ஐந்து பேர். விமானம் இரவு பதினொன்றரை மணிக்கு இறங்குகிறது. அங்கேயே செல்ஃப் டிரைவ் கார் எடுத்து ஆறு நாள் சுற்றலாம் என்று திட்டம். இணையத்தில் தேடியதில் ஒரு சின்னக் கார், மற்றவற்றில் பாதிக்கும் குறைவான வாடகைக்குக் கிடைக்கிறது. வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதுவும் ஆட்டோமேட்டிக் மட்டும். கிரெடிட் கார்டு கணவர் பெயரில் இருக்கிறது. என்னிடம் இருப்பது டெபிட் கார்டு. நான் இதுவரை சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டியிருக்கிறேன், அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இந்த மலிவு வாடகையை நம்பலாமா? "கவுண்டரில் சொல்கிற இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் போட்டுவிடு" என்கிறாள் அலுவலகத் தோழி. "ஒன்றுமே வேண்டாம், எல்லாம் பணம் பிடுங்கும் வேலை" என்கிறார் என் கணவரின் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புச் சகோதரி,

நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு விஷயத்தைப் பேச வேண்டும். லைசென்ஸ் உங்களிடம், கிரெடிட் கார்டு உங்கள் கணவரிடம். இதை இப்படியே வைத்துக்கொண்டு போனால், வாடகை முழுவதையும் முன்பே கட்டியிருந்தாலும் சாவி கையில் கிடைக்காமல் போகலாம். பல வருடம் வாடகைக் கார் கவுண்டரின் உள்பக்கம் நின்றவன் நான். தோளில் பிள்ளை தூங்க, கையில் புக்கிங் தாளோடு வந்து நிற்கும் குடும்பத்திடம், "கார்டு ஓட்டுகிறவர் பெயரில் இருக்க வேண்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டி வந்த ராத்திரிகள் உண்டு. அந்த முகங்கள் இன்னும் எனக்கு நினைவிருக்கின்றன. உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

வாடகை வேறு, டெபாசிட் வேறு. சாவி கொடுக்கும்போது கம்பெனி ஒரு தொகையை உங்கள் கார்டில் நிறுத்தி வைக்கும். கிரெடிட் கார்டாக இருந்தால் பணம் போகாது. உங்கள் வரம்பில் அந்த அளவு முடங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். கார் சேதமில்லாமல் திரும்பி வந்ததும் விடுவிப்பார்கள். அது உங்கள் கணக்கில் தெரிய சில நாளும் ஆகலாம், இரண்டு மூன்று வாரமும் ஆகலாம். இதற்குத்தான் முதன்மை ஓட்டுநரின் பெயர் அச்சிட்ட கிரெடிட் கார்டை அநேகக் கம்பெனிகள் கட்டாயமாகக் கேட்கின்றன. டெபிட் கார்டை வாங்கிக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. ஆனால் அங்கே பணம் நிஜமாகவே உங்கள் கணக்கிலிருந்து முடக்கப்படும், அல்லது "எங்கள் முழு இன்சூரன்ஸை எடுத்தால்தான் டெபிட் கார்டு செல்லும்" என்பார்கள். கணவர் பெயரில் புக் செய்துவிட்டு உங்களைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்க்கலாமே என்று தோன்றும். பல கம்பெனிகளில் வாடகைக்கு எடுப்பவரிடமும் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் அதை நம்பிப் போக வேண்டாம்.

வழி சுலபம்தான். கணவருடைய கிரெடிட் கார்டு கணக்கிலேயே உங்களுக்கு ஒரு ஆட்-ஆன் கார்டு வாங்குங்கள். வரம்பு ஒன்றேயானாலும் கார்டில் உங்கள் பெயர் இருக்கும். இந்த மாதிரிக் கார்டை ஏற்பார்களா என்று கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, வரும் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கியின் ஆப்பில் திறந்து விடுங்கள், பின் நம்பரை மனப்பாடம் செய்யுங்கள். போனைத் தட்டிப் பணம் கட்டுவது இங்கே உதவாது. பிளாஸ்டிக் கார்டே வேண்டும்.

சரி, வாடகைக்கு வருவோம். மற்றவற்றில் பாதிக்கும் குறைவு என்றால் அது போலியாக இருக்குமோ என்று பயப்படுகிறீர்கள். பெரும்பாலும் போலி இல்லை. தேடுகிறவர்கள் எல்லோரும் குறைந்த வாடகையிலிருந்து வரிசைப்படுத்திப் பார்க்கிறார்கள். அந்த வரிசையில் மேலே நிற்க வேண்டும் என்பதற்காகவே அடிப்படை வாடகையைச் சில கம்பெனிகள் அடிமட்டத்துக்கு இறக்குகின்றன. விட்டதைக் கவுண்டரில் பிடித்துக்கொள்கின்றன: இன்சூரன்ஸ், பெரிய கார், குழந்தை இருக்கை, எரிபொருள் பேக்கேஜ். கவுண்டரில் நிற்பவருக்கு இதில் மாத இலக்கு உண்டு. எனக்கும் இருந்தது. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அது அவருடைய வேலை. எதிரே நிற்பவர் பத்து மணி நேரம் பயணம் செய்து களைத்தவர், பின்னால் வரிசை, பக்கத்தில் அழுகிற பிள்ளை. அந்த நிலையில் யாரும் நிபந்தனைகளைப் படிப்பதில்லை. "ஒரு நாளைக்கு இவ்வளவுதான் கூடும்" என்று சின்னத் தொகையாகச் சொன்னால் தலையாட்டிவிடுவார்கள். ஆறு நாளுக்குப் பெருக்கிப் பார்த்தால் வாடகையைவிட அது பெரிதாக இருக்கும்.

ஆகவே நான் உங்களுக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: கவுண்டரில் எடுக்க வேண்டிய முடிவு எதையும் மிச்சம் வைக்காதீர்கள். எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிட்டுப் போங்கள். மலிவுக் கம்பெனியோ பெரிய கம்பெனியோ, இது செய்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஒரு தாளை எடுங்கள். நீங்கள் பார்த்த மலிவு காரையும் வேறு இரண்டு கம்பெனிகளின் கார்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆறு நாள் மொத்தச் செலவைப் போடுங்கள். வாடகை, வரி, விமான நிலையக் கட்டணம், இரண்டு குழந்தை இருக்கை, நீங்கள் எடுக்கப்போகும் இன்சூரன்ஸ். பக்கத்திலேயே டெபாசிட் எவ்வளவு, ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்ற வரம்பு உண்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் வாடகை நிபந்தனைகள் என்ற பக்கத்தில் இருக்கும். இப்படிக் கூட்டிப் பார்க்கும்போது பாதி விலை என்ற வித்தியாசம் பல சமயம் கரைந்துபோகும். அப்படியும் மலிவுக் கார்தான் குறைவாக வந்தால் தாராளமாக எடுங்கள்.

விமான நிலையம் என்று போட்டிருப்பதையும் நின்று படியுங்கள். கவுண்டர் டெர்மினலுக்குள் இருக்கிறதா, வெளியே எங்கோ இருக்கும் அலுவலகத்துக்கு ஷட்டில் பஸ்ஸில் போக வேண்டுமா? டெர்மினலுக்குள் கடை போட விமான நிலையத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும், அது வாடகையில் ஏறும். மலிவுக் கம்பெனிகள் வெளியே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வெளியே இருப்பது தப்பில்லை. ஆனால் நள்ளிரவில் வயதான அம்மாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் பஸ் நிறுத்தம் தேடுவது வேறு விஷயம்.

இங்கேதான் உங்கள் திட்டத்தில் நான் ஒன்றை மாற்றச் சொல்வேன். அன்று இரவே காரை எடுக்காதீர்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண அறையில் இரவு தூங்குங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு வந்து சாவியை வாங்குங்கள். பதினொன்றரைக்கு இறங்கினால் குடியேற்றச் சோதனை, பெட்டி எல்லாம் முடிய ஒரு மணியைத் தாண்டும். அந்த நேரத்துக்குக் கவுண்டர் திறந்திருக்கும் என்று நினைத்துவிட முடியாது. திறந்திருந்தாலும் நேரம் கடந்து வந்ததற்குத் தனிக் கட்டணம் போடும் இடங்கள் உண்டு. இதைவிட முக்கியம், பழக்கமில்லாத பக்கத்தில், பழக்கமில்லாத காரை, தூக்கக் கலக்கத்தில், இருட்டில் முதல்முறையாக ஓட்டக் கூடாது. வாடகையைப் பெரும்பாலும் 24 மணி நேரக் கணக்கில்தான் போடுவார்கள். இரவு ஒரு மணிக்குப் பதிலாகக் காலை ஒன்பதுக்கு எடுத்தால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. கடைசி நாள் ஒன்பதுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு மணி நேரம் தாமதமானாலும் இன்னொரு நாள் வாடகை கேட்கும் கம்பெனிகள் இருக்கின்றன. புக்கிங்கில் எடுக்கும் நேரத்தைக் காலை என்று மாற்றுவதோடு, விமான எண்ணையும் கொடுத்துவிடுங்கள்.

காரின் அளவு. நீங்கள் பார்த்தது மினி வகை. இந்த வகையில் பல கார்களில் நான்கு இருக்கைதான் இருக்கும். ஐந்து என்று போட்டிருந்தால் அது உண்மைதான். ஆனால் பின்சீட்டில் இரண்டு குழந்தை இருக்கைகளை மாட்டிய பிறகு நடுவில் மாமியார் உட்கார வேண்டுமே. அந்த இடத்தில் ஒரு கைப்பையைத்தான் வைக்கலாம். மாமியாரை முன்னால் உட்கார வைத்தால் உங்கள் கணவர் அந்த இடுக்கில் உட்கார வேண்டியிருக்கும். டிக்கியும் அப்படித்தான். பெரிய சூட்கேஸ் ஒன்று ஏறக்குறைய 100 லிட்டர் இடம் பிடிக்கும், மினி காரின் டிக்கி 200 லிட்டருக்கு மேல் கொஞ்சம்தான் இருக்கும். ஐந்து பேருக்கு இரண்டு பெட்டியில் முடியுமா? முடியாது என்று கவுண்டரில் இருப்பவருக்கும் தெரியும். உங்களைப் பார்த்ததுமே பெரிய கார் வேண்டுமா என்று ஆரம்பிப்பார். அப்போது சொல்லும் விலை இணையத்தில் இருந்த விலையைவிடக் கூடுதலாகவே இருக்கும். அதனால் இப்போதே இரண்டு படி மேலே, காம்பேக்ட் அல்லது அதற்கடுத்த வகையைப் பாருங்கள். பின்சீட்டு அகலத்தையும் டிக்கி அளவையும் அந்த மாடலின் பெயரில் தேடிப் பாருங்கள். காட்டியிருக்கும் மாடலே கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. 'அல்லது அதைப் போன்றது' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். வகைக்குத்தான் உத்தரவாதம்.

ஆட்டோமேட்டிக்தானா என்பதை எப்படி உறுதி செய்வது? பல இடங்களில் மலிவு கார் என்றாலே கையால் கியர் போடுவதுதான். புக்கிங்கில் நான்கு எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும். இந்தத் தொழிலில் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். முதல் எழுத்து அளவு: எம் மினி, இ எகானமி, சி காம்பேக்ட், ஐ இன்டர்மீடியட். மூன்றாவது எழுத்துதான் உங்களுக்கு முக்கியம். அது ஏ என்றால் ஆட்டோமேட்டிக், எம் என்றால் மேனுவல். கடைசி எழுத்து ஆர் என்றால் ஏசி உண்டு. சிஎம்எம்ஆர் போல மூன்றாவது இடத்தில் எம் வந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். "அங்கே போய்க் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்" என்று மட்டும் நினைக்காதீர்கள், ஆட்டோமேட்டிக் கார்கள் முதலில் தீர்ந்துபோகும்.

இப்போது இன்சூரன்ஸ். உங்கள் தோழி சொல்வதிலும் உண்மை இருக்கிறது, கணவரின் அண்ணன் சொல்வதிலும் இருக்கிறது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் என் அனுபவத்தில் மனக்கசப்பெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வாடகையோடு வழக்கமாகச் சேர்ந்து வருபவை இரண்டு. முதலாவது, நீங்கள் இன்னொருவருக்கோ அவர் வண்டிக்கோ ஏற்படுத்தும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி. இரண்டாவதை சிடிடபிள்யூ என்பார்கள், கொலிஷன் டேமேஜ் வேவர். அமெரிக்கா போன்ற நாடுகளில் இது வாடகையில் சேராமலும் இருக்கும், பார்த்துக்கொள்ள வேண்டும். பெயரைக் கேட்டால் இன்சூரன்ஸ் மாதிரி இருக்கிறது. உண்மையில், "எங்கள் காருக்கு அடிபட்டால் முழுச் செலவையும் உங்களிடம் கேட்க மாட்டோம், இவ்வளவு வரைதான் கேட்போம்" என்று கம்பெனி கொடுக்கும் வாக்கு அது. அந்த 'இவ்வளவு வரை' என்பதன் பெயர் எக்ஸெஸ். எக்ஸெஸ் 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பர் கீறி 300 செலவானால் அந்த 300-ம் நீங்கள்தான். கதவே நசுங்கி 4,000 ஆனால் 1,000 நீங்கள், மிச்சம் அவர்கள். சாதாரணமாக நடக்கும் சின்னச் சேதங்கள் எல்லாம் எக்ஸெஸுக்கு உள்ளேதான் வரும். ஆக, சிடிடபிள்யூ இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தவர்கள் முழுச் செலவையும் கட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அடிபட்ட கார் ஒர்க்ஷாப்பில் நிற்கும் நாட்களுக்கு வாடகை இழப்பு என்று தனியாகக் கேட்பதும் உண்டு.

அந்த வாக்கிலும் விலக்குகள் இருக்கும். டயர், கண்ணாடி, கூரை, காரின் அடிப்பாகம் ஆகியவை பெரும்பாலும் சேராது. சாவி தொலைந்தால் சேராது. பெட்ரோல் காரில் டீசல் ஊற்றினால் சேராது. மண் சாலையில் ஓட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்து நீங்கள் ஓட்டியிருந்தால், ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத ஒருவர் ஓட்டியிருந்தால், குடித்துவிட்டு ஓட்டியிருந்தால், மொத்த வாக்கும் செல்லாமல் போகும். கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் மணலில் இறக்கி மாட்டிக்கொள்வதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இந்த எக்ஸெஸைச் சமாளிக்க இரண்டு வழி. ஒன்று, வாடகைக் கம்பெனியிடமே கூடுதல் பணம் கட்டி அதைப் பூஜ்யமாக்குவது. டெபாசிட்டும் கூடவே குறையும். இன்னொன்று, தனியாக ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியிடமோ, புக்கிங் செய்யும் இணையதளத்திலேயோ எக்ஸெஸுக்கு மட்டும் பாலிசி எடுப்பது. இது பெரும்பாலும் மிகவும் மலிவு, டயர், கண்ணாடியும் பல சமயம் இதில் அடங்கும். ஆனால் இந்த வழியில் சேதம் ஏற்பட்டால் முதலில் உங்கள் கார்டிலிருந்து பணம் போகும். ரசீது, புகைப்படம், சேத அறிக்கை எல்லாம் அனுப்பிப் பிறகு திரும்ப வாங்க வேண்டும். கவுண்டரில் முழு டெபாசிட்டையும் பிடிப்பார்கள். "முழுப் பாதுகாப்பு எடுத்துவிட்டேனே" என்று மக்கள் வாதாடுவதும், "அது எங்களுடையது இல்லை" என்று கவுண்டரில் சொல்வதும் தினமும் நடக்கும். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

உங்களுக்கு நான் முதல் வழியைச் சொல்வேன். சாலையின் மறுபக்கத்தில் முதல்முறையாக ஓட்டுகிறீர்கள், சின்ன உரசலுக்கு வாய்ப்பு அதிகம். கார்டு வரம்பையும் கணவரோடு பங்கிட்டுக்கொள்கிறீர்கள். டெபாசிட் பெரிதாகப் போனால் ஆறு நாள் செலவுக்கு இடிக்கும். வாடகைக் கம்பெனியின் சொந்த இணையதளத்திலேயே, எக்ஸெஸ் பூஜ்யம் என்ற வகையை, புக் செய்யும்போதே சேர்த்து எடுங்கள். அதில் டயரும் கண்ணாடியும் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கவுண்டரில் எதைச் சொன்னாலும் "வேண்டாம், ஏற்கனவே எடுத்திருக்கிறேன்" என்று தாளைக் காட்டுங்கள். சாலையோர உதவி, தனிநபர் விபத்து என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். பயணக் காப்பீட்டில் விபத்து ஏற்கனவே அடங்கியிருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிட்டால் பதில் தயாராக இருக்கும். கையெழுத்துக்கு டேப்லெட்டை நீட்டுவார்கள். ஒவ்வொரு திரையிலும் ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று இரண்டு கட்டம் இருக்கும். விரலால் தள்ளிக்கொண்டே போகாமல் நிறுத்திப் படியுங்கள், கடைசியில் வரும் மொத்தத் தொகை உங்கள் தாளில் இருக்கும் தொகையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மொழி புரியவில்லை என்றால் ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். வரிசை நீளமாக இருந்தாலும் காத்திருக்கட்டும்.

காரைப் பார்த்து எடுப்பதைப் பற்றிச் சொல்வதற்கு முன் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் இருந்துகொண்டே ஒரு விடுமுறைக்கு நானும் இப்படி மலிவாக ஒரு கார் எடுத்தேன். அன்று நல்ல மழை. கார் முழுக்க நீர்த்துளி. சுற்றி வந்து நாலு படம் எடுத்தேன், சேதம் இல்லை என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். திருப்பிக் கொடுத்த பத்தாவது நாள், முன்பக்க இடது சக்கரத்தின் ரிம் தேய்ந்திருக்கிறது என்று கார்டில் பணம் போயிருந்தது. நான் எங்கும் உரசவில்லை. படங்களைத் தேடிப் பார்த்தேன். நாலு படத்திலும் ஈரத்தில் பளபளக்கும் கார்தான் தெரிந்தது, ரிம் ஒன்றுகூட நெருக்கமாக இல்லை. என் கையெழுத்து அவர்களிடம் இருந்தது. பல மாதம் எழுதியும் அந்தப் பணம் வரவில்லை.

அதிலிருந்து நான் செய்வது இதுதான். முதலில் வீடியோ: நம்பர் பிளேட்டில் ஆரம்பித்து, நிறுத்தாமல் ஒரு சுற்று. அப்புறம் குந்தி உட்கார்ந்து நாலு ரிம்மையும் தனித்தனியாகப் படம் எடுப்பேன். ரிம்மின் வெளி விளிம்பில் நடைபாதைக் கல் உரசினால் சொரசொரப்பாக வெள்ளிக் கோடு விழும். விரலை வைத்தால் தெரிந்துவிடும். முன் பம்பருக்கு அடியில் கையை விட்டு ஓரம் முழுக்கத் தடவுவேன். நின்றுகொண்டு பார்த்தால் அந்த இடம் தெரியவே தெரியாது, அங்கேதான் பெரும்பாலான கீறல் இருக்கும். கண்ணாடியில் கல் பட்ட புள்ளி இருக்கிறதா என்று நகத்தால் நிரடிப் பார்ப்பேன். கார் ஈரமாகவோ தூசியாகவோ இருந்தால் துணியால் துடைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு பார்ப்பேன். பிறகு உள்ளே உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டு டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, எரிபொருள் எவ்வளவு, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று ஒரு படம். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா அல்லது பஞ்சர் ஒட்டும் கிட் மட்டும்தானா என்று பார்ப்பேன். மொத்தம் பதினைந்து நிமிடம்.

படம் எடுத்தால் மட்டும் போதாது. பார்த்த சேதம் ஒவ்வொன்றையும் அவர்களுடைய தாளில் குறிக்கச் சொல்லி, ஊழியர் கையெழுத்து வாங்குங்கள். "சின்னதுதானே, கணக்கில் எடுக்க மாட்டோம்" என்று சொன்னால், "சின்னதாகவே எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். ஆள் யாரும் வராமல் சாவியை மட்டும் கொடுத்து அனுப்பினால், பார்க்கிங்கிலிருந்து வெளியே போகும் முன்பே படங்களைக் கம்பெனியின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். நேரம் அதிலேயே பதிவாகிவிடும். இதை உங்கள் கணவரிடம் ஒப்படையுங்கள். அவர் படம் எடுக்கட்டும், நீங்கள் அந்த நேரத்தில் சீட்டையும் கண்ணாடிகளையும் சரிசெய்துகொள்ளலாம்.

குழந்தை இருக்கைகளைக் காரில் பொருத்துவது பல இடங்களில் உங்கள் வேலைதான். ஐரோப்பாவில் 135 அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் வரை பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம், மற்ற நாடுகளில் வயதை வைத்தும் விதி உண்டு. 7 வயதுப் பிள்ளைக்கு பூஸ்டர், அதாவது உயரத்தைக் கூட்டும் இருக்கை, பெரும்பாலும் போதும், அதை வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம். குழந்தை இருக்கையைப் பெட்டிக் கணக்கில் சேர்க்காமல் இலவசமாக ஏற்றும் விமானக் கம்பெனிகள் நிறைய. இரண்டு இருக்கைக்கு ஆறு நாள் வாடகை என்பது சில சமயம் புதிதாக வாங்கும் விலைக்கு வந்துவிடும்.

லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பல நாடுகளில் வேண்டும். அது உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு போன்றது, அசல் லைசென்ஸ் இல்லாமல் அதற்கு மதிப்பு கிடையாது. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஒரு வகை, 1968 வியன்னா ஒப்பந்தப்படி ஒரு வகை என்று இரண்டு உண்டு. முதலாவது ஒரு வருடம் செல்லும், இரண்டாவது மூன்று வருடம் வரை. எந்த வகையை ஏற்பார்கள் என்பது போகும் நாட்டைப் பொறுத்தது. ஜப்பான் 1949 வகையை மட்டும்தான் ஏற்கிறது. லைசென்ஸ் கொடுத்த நாட்டிலேயே, அரசு அலுவலகத்திலோ அரசு அதிகாரம் கொடுத்த அமைப்பிலோதான் வாங்க முடியும். இணையத்தில் 'பத்து வருட சர்வதேச லைசென்ஸ்' என்று விற்பதை வாங்கி ஏமாறாதீர்கள்.

எரிபொருள் விஷயத்தில் நிறைத்து எடுத்து நிறைத்துக் கொடுப்பதுதான் நல்லது. முன்பணம் கட்டி டேங்கைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கும் பேக்கேஜில் மிச்சமிருக்கும் எரிபொருளுக்குப் பணம் திரும்பாது. டேங்க் மூடி எந்தப் பக்கம் என்பதை, எரிபொருள் முள்ளுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறி காட்டும். மூடியின் உள்பக்கம் எழுதியிருக்கும் எரிபொருள் பெயரை முதல் நாளே படம் எடுத்து வையுங்கள்.

ஓட்டுவதைப் பற்றி. வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் ஓட்டுநர் இருக்கை இடது பக்கம் இருக்கும். எந்த நாடானாலும் சரியான பக்கத்தில் போகிறீர்கள் என்றால் நீங்கள் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி உட்கார்ந்திருப்பீர்கள், பக்கத்தில் இருப்பவர் ஓரத்தை ஒட்டி இருப்பார். குழம்பினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ரவுண்டானாவில் அங்கே வலப்பக்கம் திரும்பி நுழைந்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றிவர வேண்டும், உள்ளே இருக்கும் வண்டிக்குப் பொதுவாக முன்னுரிமை. இண்டிகேட்டர் போடப் போய் வைப்பர் ஆடினால் பதறாதீர்கள், பல கார்களில் இரண்டும் இடம் மாறி இருக்கும். நேர்ச் சாலையில் யாரும் தப்பு செய்வதில்லை. பெட்ரோல் பங்க்கிலிருந்தோ ஆளில்லாத பார்க்கிங்கிலிருந்தோ வெளியே வரும்போதுதான் கை பழைய பக்கத்துக்குத் திரும்பும். ஒவ்வொரு முறையும் "வலப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லும் வேலையை உங்கள் 7 வயதுப் பிள்ளைக்குக் கொடுங்கள், நிச்சயம் மறக்காது. விமான நிலையப் பார்க்கிங்கிலேயே நாலு சுற்று ஓட்டிவிட்டு வெளியே வாருங்கள்.

டோல் பல இடங்களில் ரொக்கமாகக் கட்ட வழியில்லாமல் கேமராவிலேயே பதிவாகும். எப்படிக் கட்டுவது என்று சாவி வாங்கும்போது கேளுங்கள். கட்டாமல் விட்டாலோ வேக அபராதம் வந்தாலோ, அந்தத் தொகையோடு தங்கள் கையாளும் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுப்பார்கள். அது மாதக் கணக்கில் கழித்தும் வரும்.

திருப்பிக் கொடுக்கும் நாள் ஒன்பது மணி என்றால் எட்டேகாலுக்கே போய்விடுங்கள். பக்கத்துப் பங்க்கில் நிரப்பிய ரசீது, எடுத்த நாளைப் போலவே வீடியோ, டேஷ்போர்டு படம். ஊழியர் கூடவே வந்து பார்த்து, சேதமில்லை என்று எழுதித் தரும்வரை நகராதீர்கள். ஆளே இல்லாமல் சாவியைப் பெட்டிக்குள் போடும் இடமானால், அவர்கள் வந்து காரைப் பார்க்கும்வரை பொறுப்பு உங்களுடையதாகவே இருக்கும், படம்தான் துணை. காரில் இணைத்த உங்கள் போனின் பெயரையும் தொடர்பு எண்களையும் அழித்துவிடுங்கள். கார்டு மெஷின் "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டவா" என்று கேட்டால் வேண்டாம், அந்த நாட்டுப் பணத்திலேயே கட்டுங்கள். அவர்கள் போடும் மாற்று விகிதம் உங்கள் வங்கியின் விகிதத்தைவிடப் பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும்.

இவ்வளவையும் படித்துவிட்டு மலைக்க வேண்டாம். முதலில் வங்கிக்குப் போன் செய்து உங்கள் பெயரில் ஆட்-ஆன் கார்டுக்கு விண்ணப்பம் கொடுங்கள், கையில் வந்து சேர நாளாகும். அதோடு சர்வதேச அனுமதிக்கும் எழுதிப் போடுங்கள். இரண்டும் வந்த பிறகு காரைப் புக் செய்யலாம். முன்பே செய்வதானால் இலவசமாக ரத்து செய்யும் வசதி இருக்கிற புக்கிங்காகப் பாருங்கள்.